தேய்ப்பதும் பூசுவதும்: காரின் மெருகை வீட்டிலேயே மீட்பது

பாலிஷ் போட்டால் காரின் மேல் ஏதோ ஒன்று ஏறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பாலிஷ் என்பது பெயிண்டின் மேல்தோலைச் சிறிது சீவி எடுக்கும் வேலை. கீறலை நிரப்ப முடியாது என்பதால் கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைத் தாழ்த்துகிறோம். பரப்பு சமமானதும் ஒளி சீராகத் திரும்பி வருகிறது, கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிகிறது. எடுத்தது திரும்ப வராது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் இதுதான் காரணம்.

எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம்? கம்பெனியிலிருந்து வரும் காரின் தகட்டில் பொதுவாக நான்கு அடுக்குகள் உண்டு. துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரம் பாயும் தொட்டியில் முக்கி ஏற்றும் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கலாம். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். முடியைவிட மெல்லிய அந்தப் படலத்தில்தான் நம் கைவேலை எல்லாம் நடக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் அதில்தான் கலந்திருக்கிறது. ரூஃபிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்கும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் செத்துப்போன வண்டிகள் அவை. அந்த நிலைக்கு வந்தபின் எந்த பாலிஷும் உதவாது, பெயிண்ட் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில்லில் 'ரப்பிங் பாலிஷ்' என்று ஒரு வரி சேர்ப்பதை நான் ஆதரிக்கவே மாட்டேன். ஒழுங்காகக் கழுவப்படும் காருக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழு பாலிஷ் தாராளம். இடையில் வாக்ஸ் போன்ற மேல்பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும்.

கீறல் வரும் வழி

அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஐந்தரை மணிக்கு வண்டி துடைக்க வருபவரின் கையைக் கவனியுங்கள். ஒரு வாளி, ஒரு துணி. துணி அநேகமாகப் பனியன் வேஸ்ட். அதன் ஓரத் தையல் அப்படியே இருக்கும். முதல் காரின் டயர் மேல் படிந்த மண்ணைத் துடைத்த துணி அதே தண்ணீரில் முங்கி, பத்தாவது காரின் பானெட்டுக்கு வந்து சேர்கிறது. ரோட்டுத் தூசியில் பெரும்பங்கு மணல், அதாவது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. கிளியர் கோட் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. தினமும் துடைப்பதால் வண்டி சுத்தமாக இருப்பது உண்மைதான். தினமும் கொஞ்சம் உப்புத்தாள் போடுவதும் உண்மைதான்.

சேதத்தைப் பார்க்க கருப்பு, கருநீலம், மெரூன் வண்டி என்றால் வெயிலில் நிறுத்தினாலே போதும். வெள்ளை, சில்வர் வண்டிகளுக்கு இருட்டில் மொபைல் டார்ச்சைப் பக்கத்தில் பிடியுங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். துணியை வட்டமாகச் சுழற்றியதால்தான் வட்டமாக விழுந்தது என்று சொல்வார்கள், அப்படி இல்லை. கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. விளக்கொளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும்.

முதலில் இந்தத் துணியையும் வாளியையும் மாற்றுங்கள். அதை மாற்றாமல் பாலிஷ் மிஷின் வாங்கினால் வருடாவருடம் கிளியர் கோட்டைச் சீவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எதைத் தொடலாம்

கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டாமல் போனால் பாலிஷில் மறையும், குறைந்தபட்சம் மங்கும். தட்டினால் அது ஆழமான கீறல். பாலிஷால் அதன் ஓரம் மழுங்கி, கண்ணை உறுத்துவது குறையும், அவ்வளவுதான். வெள்ளைப் பிரைமரோ தகடோ தெரிந்தால் டச்-அப் பெயிண்ட் வைத்து மூடுங்கள், துருவாவது பிடிக்காது.

பழைய அம்பாஸடர், தொடக்ககால மாருதி 800 போன்ற வண்டிகளில் கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு இருக்கலாம். வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைத் துளி தொட்டு மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் ஒற்றைப் பூச்சு. பயப்படத் தேவையில்லை, ஆனால் நீங்கள் எடுப்பது நிறத்தையே என்பது நினைவிருக்கட்டும். டிங்கரிங் பார்த்து மறுபூச்சு அடித்த டோர், பம்பர்களை நம்பவே கூடாது. சில இடத்தில் தடிமனாகவும் சில இடத்தில் பேருக்கும் அடித்திருப்பார்கள். பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் பேனலுக்கு நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா பேனலும் 110, 120 காட்டும்போது ஒன்று மட்டும் 250 காட்டினால் அது கைபட்ட பேனல். இந்த மீட்டர் தகட்டில்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. மேட் ஃபினிஷ் வண்டியை எந்த பாலிஷும் தொடக்கூடாது. தொட்ட இடம் மினுக்கத் தொடங்கும், பிறகு அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை.

கழுவுதல்

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் முக்கி, மேலிருந்து கீழாகத் துடைத்து, ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஹோஸால் மண்ணை நன்றாக அடித்து இறக்கியிருக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி சோப்பும் சலவைத்தூளும் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் பழைய வாக்ஸை நீக்கிவிடும் என்பதால் பாலிஷுக்கு முந்தைய ஒரே ஒரு கழுவலுக்கு அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை, வாராவாரம் கூடாது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பிரச்சினை அதில்தான். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் வெயிலில் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. அதைவிட மோசம், வீணாகிறதே என்று ஆர்ஓ மிஷினின் கழிவுநீரைப் பிடித்துவைத்துக் காரைக் கழுவுவது. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். மிச்சப்படுத்த விரும்புகிறவர்கள் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கும் தண்ணீர் என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. கடைசி அலசலுக்கு அரை வாளி இருந்தாலும் போதும். பழைய உப்புக்கறைக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், துணியை நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி எடுத்து உடனே கழுவுங்கள். கறை போயும் வட்டத்தின் தடம் மட்டும் நின்றால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள். அதைத்தான் பாலிஷ் எடுக்க வேண்டும்.

கழுவிய வண்டியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த பானெட், கவருக்குள் சொரசொரவென்று தெரியும். பிரேக்கிலிருந்தும் ரயில் பாதைப் பக்கமிருந்தும் பறந்து வந்த இரும்புத்தூள், தார்ப்புள்ளி, மரப்பிசின் எல்லாம் ஒட்டியிருக்கின்றன. இதன் மேலேயே மிஷினை ஓட்டினால் அந்தத் துகள்கள் பேடில் மாட்டிப் புதுக் கோடு போடும். இரும்புத்தூளுக்கு அயர்ன் ரிமூவர் அடியுங்கள். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக வழியும். நாற்றம் அழுகிய முட்டையை ஒத்தது, காற்றோட்டமான இடத்தில் செய்வது நல்லது. காயவிடாமல் கழுவிவிட வேண்டும். பிறகு க்ளே பார். அதைச் சப்பாத்தி மாவு மாதிரி கையில் பிசைந்து தட்டையாக்கி, பெயிண்ட் மேல் ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துவிட்டு, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று இழுக்கும். அழுக்கு ஏற ஏறச் சத்தம் அடங்கி வழுக்கத் தொடங்கும். அழுக்கான முகத்தை உள்ளே மடித்துப் புது முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தரையில் விழுந்த க்ளேயைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்க வேண்டாம். குப்பையில் போடுங்கள்.

மிஷினும் பேடும்

பெயிண்ட் கடைகளில் நீங்கள் பார்ப்பது ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், ஒரே இடத்தில் இரண்டு விநாடி அதிகம் நின்றால் சூடேறி கிளியர் கோட்டைச் சுட்டுவிடும். பழகிய கை ஓட்டினாலும் வெயிலில் மிதக்கும் நிழல் மாதிரி கோடுகளை விட்டுச்செல்லும். வீட்டுக்கு வேண்டியது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ. அதன் பேட் சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஊசலாடுவதால் சூடு ஒரே இடத்தில் சேராது. அதிகம் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும்; கற்றுக்கொள்பவருக்கு இந்தக் குறையே காவல். பேட் ஒட்டும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது. நின்றுவிட்டால் அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது பேடைச் சாய்க்காமல் பிடியுங்கள்.

8 மில்லிமீட்டர் ஊசலாட்டம், 5 அங்குல பிளேட் கொண்ட சாதாரண டிஏ சொந்தக் காருக்குப் போதும். ஃபோம் பேடுகளில் வெட்டுவதற்கு ஒன்று, மெருகுக்கு ஒன்று, முடிப்பதற்கு ஒன்று என்று கடினம் வேறுபடும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறக்கணக்கு. முரட்டுக் காம்பவுண்ட் ஒன்று, மிருதுவான பாலிஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேட் மட்டும் மெருகுக்கான வகையில் மூன்று நான்காவது வேண்டும். காம்பவுண்டும் சீவிய பெயிண்டும் அடைத்த பேட் வெட்டாது, சூடுதான் ஏற்றும்.

மிஷின் வாங்க மனமில்லை என்றால் கையாலும் செய்யலாம். ஃபோம் அப்ளிகேட்டரும் மிருதுவான பாலிஷும் எடுத்து ஒரு பேனலை நேர்கோட்டில் தேய்த்தால் மங்கல் போய் நிறம் தெளியும். கதவுக் கைப்பிடிக் குழிக்குள் நகம் போட்ட கோடுகளுக்குக் கைதான் சிறந்தது. ஆனால் முழுக் காரின் சிலந்தி வலையைக் கையால் எடுக்க முயன்றால் தோள்பட்டை போகும், வலை அப்படியே இருக்கும்.

ஓட்டும் முறை

நம் வெயிலில் நேரம் முக்கியம். மார்கழி, தை மாதத்துக் காலைகள் இதற்கு அமைந்தவை. சித்திரையில் செய்தே ஆக வேண்டும் என்றால் மாலைக்குப் பிறகு, மூடிய இடத்தில். உள்ளங்கையை பானெட்டில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் காம்பவுண்ட் காய்ந்து தூளாகிப் போகும், பிறகு அதைத் துடைக்கப்போய்ப் புதுக் கீறல் விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், அது தூசியைத்தான் கொண்டுவரும்.

ரப்பர் பீடிங், கருப்புப் பிளாஸ்டிக், எம்பளம் எல்லாவற்றின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பான கருப்புப் பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாக உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கும். பானெட் ஓரம், டோர் விளிம்பு, உடலில் ஓடும் கூர்மையான மடிப்புக் கோடு இவற்றின் மேலும் டேப் ஒட்டுங்கள். ஈரப் பெயிண்ட் விளிம்பிலிருந்து விலகி ஓடும் என்பதால் அங்கே பூச்சு இயல்பாகவே மெல்லிது, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். புதிதாகப் பழகுபவர்கள் பெயிண்டைத் தாண்டிப் போவது பெரும்பாலும் விளிம்பில்தான்.

எடுத்தவுடன் முழு பானெட்டையும் தொடாதீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் ஒன்றைத் தேர்ந்து சோதியுங்கள். மிருதுவான பாலிஷ், மெருகு பேட், இதுதான் முதல் முயற்சி. போதவில்லை என்றால் அதே பாலிஷைக் கடினமான பேடில். அதுவும் போதவில்லை என்றால்தான் முரட்டுக் காம்பவுண்ட். சில வண்டிகளின் கிளியர் கோட் மிருது, முதல் முயற்சியிலேயே கண்ணாடியாகிவிடும். சிலவற்றில் எத்தனை ஓட்டினாலும் அசையாது. எந்த வண்டி எப்படி என்று கேள்விப்பட்டதை நம்புவதைவிட அந்தச் சதுரத்தை நம்பலாம்.

புதுப் பேடின் முகம் முழுக்க மெல்லிதாக பாலிஷ் தடவி ஈரமாக்குங்கள். பிறகு பட்டாணி அளவில் நான்கு பொட்டு. மிஷினை ஆன் செய்யாமலே பேடைப் பெயிண்டில் ஒற்றிச் சதுரம் முழுக்கப் பரப்பிவிட்டு, பேடை அழுந்த வைத்தபிறகே ஆன் செய்யுங்கள். அந்தரத்தில் ஆன் செய்தால் சுவர், கூரை, சட்டை எல்லாம் பாலிஷ் தெறிக்கும். வேகம் 1-இல் ஒரு சுற்று, பிறகு 4 அல்லது 5. மிஷினின் சொந்த எடையோடு கொஞ்சம் கை எடை சேர்ந்தால் போதும். கை நகரும் வேகம் விநாடிக்கு ஓர் அங்குலம். பலரும் தவறுவது இதில்தான், பூந்தொட்டிக்குத் தண்ணீர் விடும் வேகத்தில் ஓடிவிடுகிறார்கள். இடம் வலமாக வரிவரியாக ஓட்டுங்கள், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். அடுத்து மேலும் கீழுமாக அதே சதுரம். இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று முறை. பாலிஷ் தொடக்கத்தில் பால் மாதிரி இருந்து, போகப்போக எண்ணெய்ப் படலமாகத் தெளியும். தெளிந்ததும் நிறுத்துங்கள். மிஷின் முழுதாக நின்றபிறகு பேடைத் தூக்குங்கள்.

சதுரத்துக்குச் சதுரம் பேடைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டால் பெயிண்டில் உராயாது. அவ்வப்போது பேனலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் வேறு பேனலுக்குப் போய்விட்டு வாருங்கள். பிளாஸ்டிக் பம்பர் தகடு மாதிரி சூட்டைக் கடத்தாது என்பதால் அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்தே ஓட்ட வேண்டும்.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் மெல்லிய கீறல்களை நிரப்பி மறைத்து வைத்திருக்கும். முதல் இரண்டு கழுவலில் எல்லாம் திரும்ப வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு பங்குக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போது தெரிவதுதான் உண்மையான நிலை. எண்பது சதவீதக் கோடுகள் போயிருந்தால் அடுத்த சதுரத்துக்கு நகருங்கள். மிச்சம் இருபதையும் விரட்டிக்கொண்டு போவது போட்டிக்குப் போகும் வண்டிக்குச் சரி, நாளைக் காலை ஜிஎஸ்டி சாலையில் பேருந்துக்குப் பின்னால் போகும் வண்டிக்கு வீண்.

பூச்சு

சீவிய பரப்பு வெறுமையாக நிற்கிறது. அன்றே ஏதாவது பூச வேண்டும். தேர்வு மூன்று. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா வாக்ஸ் பழைய முறை. அடர்நிறங்களுக்கு ஒரு ஆழம் தரும், பூசுவது எளிது, நம் வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிது. செயற்கை பாலிமர் சீலன்ட் நான்கு முதல் ஆறு மாதம் வரும். ஃபோம் அப்ளிகேட்டரில் மெல்லிதாகத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, மைக்ரோஃபைபரால் துடைத்தால் முடிந்தது. அதிகம் தடவினால் அதிகம் தாங்கும் என்பது இல்லை, துடைக்கும் வேலைதான் கூடும்.

மூன்றாவது செராமிக். விளம்பரத்தில் வரும் 9எச் என்ற எண் வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கடினம் என்று பலர் நம்பிப் பணம் கட்டுகிறார்கள். அது பென்சில் சோதனையின் எண். 9எச் பென்சிலால் கீறினால் தாங்கும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் அளவோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. சாவிக் கீறலையும் கல் தெறிப்பையும் செராமிக் தடுக்காது. அதன் உண்மையான பலன்கள் வேறு: அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம், நன்றாகப் பூசினால் ஒன்றிரண்டு வருடம் நிற்கும். போர் தண்ணீர் ஊரில் அதற்கு ஒரு பாதகமும் உண்டு. முத்து முத்தாக நிற்கும் தண்ணீர் அப்படியே வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு உப்பு வட்டம்.

வீட்டில் செராமிக் பூசுவதாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, சிறு ஃபோம் கட்டையில் ஸ்வேட் துணியைச் சுற்றி, சில சொட்டு விட்டு, இரண்டடிச் சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தடவுங்கள். சிறிது நேரத்தில் வானவில் நிறம் படரும், அப்போதே துடைக்க வேண்டும். பாட்டிலில் இரண்டு மூன்று நிமிடம் என்று எழுதியிருந்தாலும் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடலாம். முதல் துணியால் எடுத்து, இரண்டாவது துணியால் மெருகிட்டு, பக்கவாட்டில் விளக்கு பிடித்துத் திட்டுகள் இல்லை என்று பார்த்தபிறகுதான் அடுத்த சதுரம். விட்டுப்போன திட்டு இறுகிவிட்டால் மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். அந்தத் துணிகளும் காய்ந்தால் கண்ணாடித்தூள் மாதிரி ஆகும், திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் துளித் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. மரத்தடியிலோ திறந்த வெளியிலோ வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது ஆகாத காரியம். அவர்கள் சீலன்ட் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

பிறகு

வண்டி துடைப்பவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். "அண்ணே, தினமும் துடைக்க வேணாம். வாரம் ஒரு நாள் நான் தர்ற துணியில கழுவிக் குடுங்க, மாசக் காசு அதேதான்" என்றால் யாரும் மறுப்பதில்லை. மைக்ரோஃபைபர் துணியைப் பருத்தித் துணிகளோடு போட்டுத் துவைக்காதீர்கள், பஞ்சு ஏறிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவமும் அதன் இழையை அடைத்துவிடும்.

பறவை எச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதன் அமிலம் ஒரு பக்கம். வெயிலில் இளகிய கிளியர் கோட் இரவில் குளிரும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்துக்கே இறுகிக்கொள்வது இன்னொரு பக்கம். ஈரத் துணியை அதன் மேல் இரண்டு நிமிடம் போட்டு ஊறவைத்து, ஒற்றித் தூக்குங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இதே கணக்குதான். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டியும், உலர்ந்த துணியால் தேய்த்தும் பானெட்டின் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு மங்கல் விழுந்த வண்டிகள் நிறைய உண்டு. பூஜை முடிந்த மறுநாள் காலை தண்ணீர் தெளித்து ஊறவிட்டுக் கழுவுங்கள். பொட்டு வைப்பதற்கு நம்பர் பிளேட்டையும் கண்ணாடியையும் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.